ம்யூனிக்கில் ஒன்று, மாட்ரிட்டில் ஒன்று

தரகர் மாமா பேசி முடித்த பிறகும் அனந்தநாராயணன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். இன்றைக்கு வியாழன். பையன் இதே பம்பாயில் செம்பூர். பெயர் சாய்நாத். வங்கியில் ஆபீசர். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. சிகரெட் கிடையாது, மற்றதும் கிடையாது. ஒன்றே ஒன்று உண்டு. ஃபுட்பால். அதிலும் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று ஒரு கிளப். போன மாதம் முலுண்டில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறான். பெண்ணின் அப்பா, அப்படி ஒரு கிளப்பைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று சிரித்தாராம். பையன் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

"அந்த கிளப் ஐரோப்பாவுல என்னமோ கப்பெல்லாம் ஜெயிச்சிருக்காம். ஆத்துல யாராவது ஒருத்தர் அதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்கோ" என்று தரகர் சொல்லியிருந்தார். "அதைப் பத்திப் பேசினா பையன் உருகிடுவான்."

மகள் சாருலதாவுக்கு வயது இருபத்தொன்பது. பதினோரு ஜாதகங்களை அவளே தள்ளிவிட்டாள். ஒருவனுக்கு மீசை, ஒருவனுக்கு அம்மா, ஒருவனுக்கு பெங்களூர். இந்தப் பன்னிரண்டாவதைப் பார்த்துவிட்டு, "சரி, வரட்டும்" என்றாள். அந்த வார்த்தையை அந்த மாட்டுங்கா வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அவர் மனைவி சுப்புலக்ஷ்மி அந்த நிமிஷமே ரவை வாங்கக் கிளம்பிவிட்டாள். பெண் மனசு மாறுவதற்குள் கேசரி ஆகிவிட வேண்டும் என்பது போல.

அனந்தநாராயணன் மகளைக் கூப்பிட்டு, கிளப்பைப் பற்றி அவள்தான் படித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"எனக்கு ஃபுட்பால்ல எத்தனை பேர் ஆடுவான்னே தெரியாதுப்பா. வேணும்னா பாடறேன்."

"பாட வேண்டாம்" என்றாள் அப்போதுதான் திரும்பி வந்த சுப்புலக்ஷ்மி. இரண்டாவது ஜாதகத்துக்கு மகள் பாடியது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது.

ஆக, அது அவர் தலையில் விழுந்தது.

அனந்தநாராயணன் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறார். பாரத்தில் ஒரு தேதி மாறியிருந்தால் அவர் கண் நேராக அங்கே போய் நிற்கும். ஒரு தப்பு கிடைத்தால் அப்பாவுக்கு அன்றைக்கு நல்ல நாள் என்பாள் சாருலதா. கிடைக்காத நாட்களில் அவர் பிறத்தியார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளைப் படிப்பார்.

புதிதாக ஒரு ஃபைல் திறந்தார். மேலே கிளப்பின் பெயர். கீழே கோடு போட்டு நாலு பத்தி. வருஷம், ஊர், எதிரணி, முடிவு. எப்படியும் ஏதாவது மிகைப்படுத்தல் இருக்கும், பிடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். க்ளெய்ம் என்று வந்தால் அவர் முதலில் நம்பமாட்டார்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் நம்பிவிட்டார்.

எழுபத்தேழில் இரண்டாம் டிவிஷனிலிருந்து தட்டுத்தடுமாறி மேலே வந்த கிளப். எழுபத்தெட்டில் லீக் சாம்பியன். எழுபத்தொன்பதில் ஐரோப்பாவுக்கே சாம்பியன். எண்பதில் மறுபடியும். முதல் வருஷம் முதல் சுற்றிலேயே எதிரே நின்றது லிவர்பூல். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கப்பை வைத்திருந்தவர்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரையிறுதியில் சொந்த ஊரில் கொலோன் அணியோடு மூன்றுக்கு மூன்று. முடிந்தது கதை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஜெர்மனிக்குப் போய் ஒரு கோல் போட்டுவிட்டு வந்தார்கள்.

"இது எப்படின்னா" என்று அவர் சுப்புலக்ஷ்மியிடம் விளக்கினார், "டைப்பிஸ்டா சேர்ந்தவன் மூணாம் வருஷம் சேர்மன். நாலாம் வருஷமும் அவனே சேர்மன்."

"அஞ்சாம் வருஷம்?"

அவர் ஃபைலைப் பார்த்தார். அஞ்சாம் வருஷம் முதல் சுற்றிலேயே சோஃபியாக்காரர்களிடம் தோல்வி. அவருக்கு அது சொந்த வீட்டு விஷயம் போல வலித்தது. அதை இப்போது பேச வேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலம் ரயிலில், மான்செஸ்டர் பனியன் போட்ட ஒருவனிடம் அவராகவே பேச்சுக் கொடுத்தார். அவன் ஃபாரஸ்டை 'சோட்டா கிளப்' என்றான். அதற்குப் பதில் சொல்லி முடித்தபோது அவர் இறங்க வேண்டிய மாட்டுங்கா போய், சயான் போய், ரயில் குர்லாவில் நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தான் ஒருத்தர் மட்டும் பேசினால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். வீடே அந்த கிளப் மேல் பிரியமாக இருப்பது போலத் தெரிய வேண்டும். சுப்புலக்ஷ்மிக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள், ஆனால் ஸ்லோகம் மாதிரி ராகத்தோடு சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதைச் சரிக்கட்ட ஒரு ஜெர்சி தைத்து ஹாலில் மாட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. எங்கே தைப்பது? சுப்புலக்ஷ்மி மெத்தைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் பைகளில் ஒன்றை உருவி எடுத்தாள். அதில் ஒரு பந்து படம். கீழே, ஜெர்சி, கொடி, பேட்ஜ் என்று அச்சிட்டு, லேபர் கேம்ப், தாராவி என்று விலாசமும் நம்பரும். அந்தப் பை வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பம்பாயின் எல்லாக் கடைப் பைகளும் இருக்கும்.

போனை எடுத்தவர் சலாவுதீன். பட்டறைக்குச் சொந்தக்காரர், தென்காசிப் பக்கம். அனந்தநாராயணன் கிளப் சின்னத்தை வர்ணிக்க ஆரம்பித்தார். ஒரு மரம், அடியில் அலை, மேலே இரண்டு நட்சத்திரம்.

"தெரியும் அண்ணாச்சி. அந்த மரம் நம்ம மெஷின்லயே கெடக்கு."

அனந்தநாராயணனுக்கு நெஞ்சு நிறைந்தது. லேபர் கேம்ப் வரை அந்த கிளப்பின் பெயர் வந்திருக்கிறது. முதுகில் எழுபத்தொன்பது என்று போடச் சொன்னார்.

அது முடியாது என்றார் சலாவுதீன். ஒரு டிசைனில் ஒரு நம்பரை ஒரு தடவைதான் அடிப்பது அவர் பட்டறை வழக்கம். ஒரே நம்பரில் இரண்டு பேர் கிளம்பி, முன்னே ஒரு தடவை மைதானத்தில் மண்டை உடைந்துவிட்டதாம். எழுபத்தொன்பது போய்விட்டது.

"எண்பது?"

"அதுவும் போயிட்டு."

ரசனை உள்ள யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள் என்று அனந்தநாராயணன் நினைத்துக்கொண்டார். இருபத்தைந்து கேட்டார். இருபத்தொன்பது வருஷம் வெளியே கிடந்துவிட்டு, நடுவில் மூன்றாம் டிவிஷன் வரை இறங்கிவிட்டு, கிளப் ஐரோப்பாவுக்குத் திரும்பிய வருஷம். ஞாயிறு மதியம் தானே கொண்டு வந்து தருவதாக சலாவுதீன் சொன்னார்.

ஞாயிறு மதியம் வரவில்லை. நாலு மணிக்கு செம்பூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

பையன் லட்சணமாக இருந்தான். வந்ததும் குனிந்து நமஸ்காரம் செய்தான். அவனுடைய அப்பா வேங்கடசுப்ரமணியன், பூர்வீகம் பாலக்காடு, மின்சாரக் கம்பெனியில் இருந்து ரிட்டையர் ஆனவர். முழங்கால் வலியைப் பற்றியும் செம்பூரில் நடக்கும் பாலம் வேலையைப் பற்றியும் அரை மணி பேசினார். அனந்தநாராயணன் பொறுத்துப் பார்த்தார். பிறகு, பாலம் என்றதும் ஞாபகம் வருகிறது, ம்யூனிக்கில் நல்ல பாலங்கள் உண்டாமே என்று திருப்பினார்.

சாய்நாத் நிமிர்ந்தான். "அங்கிள் ஃபுட்பால் பார்ப்பேளா?"

"ஃபாரஸ்ட் மட்டும்."

பையனின் முகம் மலர்ந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவன் சொன்னான், "எங்க முதல் கப்பே ஒரு கதை அங்கிள். மாட்ரிட்ல."

அனந்தநாராயணனின் காதுக்குள் ஏதோ சுருக்கென்றது. சுப்புலக்ஷ்மி அவரைப் பார்த்தாள். விட்டுவிடுங்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. அவருக்கும் விட்டுவிட ஆசைதான்.

"ம்யூனிக்" என்றார். "மாட்ரிட் அடுத்த வருஷம்."

"அப்படியா? ஓகே அங்கிள்."

தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. பையனைத் தூக்கிவிட வேண்டும். சுலபமாக ஒன்று கேட்டால் அவன் சரியாகச் சொல்லிவிடுவான், கணக்கு நேராகிவிடும். மாட்ரிட்டில் எதிரணி யார் என்று கேட்டார்.

"அயாக்ஸ்."

"அயாக்ஸ் அரையிறுதி. ஃபைனல் ஹாம்பர்க்" என்று அவர் வாய் தானாகச் சொல்லிற்று. அப்போது சாருலதா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சுப்புலக்ஷ்மி பயந்துபோனாள்.

அனந்தநாராயணனுக்கு வியர்த்தது. இன்னும் சுலபமாக வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தெரிந்தது, சட்டையிலேயே நட்சத்திரமாகப் போட்டிருப்பது.

"மொத்தம் எத்தனை கப்?" என்றார், கெஞ்சுகிற குரலில்.

சாய்நாத் யோசித்தான். "மூணு?"

அதற்குமேல் அவர் கையில் ஒன்றும் இல்லை. எழுந்து போய் ஃபைலைக் கொண்டு வந்தார். பையன் பக்கம் திருப்பி, பத்தி பத்தியாக விரல் வைத்துக் காட்டினார். நேரம் நல்லபடியாகத்தான் போனது, அவரைப் பொறுத்தவரை. தலையை நிமிர்த்தியபோது வேங்கடசுப்ரமணியனின் முகம் சிவந்திருந்தது.

"என் பையனைப் பொண்ணு பார்க்கக் கூப்பிட்டேளா, டிபார்ட்மெண்ட் பரீட்சைக்குக் கூப்பிட்டேளா?"

"அப்படி இல்லை, ஒரு பிரியத்துல—"

"என்ன பிரியம்? நீங்க காட்டின காகிதத்துலயே இருக்கே. ஃபைனல் ரெண்டும் ஒண்ணுக்கு பூஜ்யம். நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி ஒரு சின்ன ஊர்க்காரா அதிர்ஷ்டத்துல ரெண்டு கப் அடிச்சா. அதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, கேட்டேளா?"

சுப்புலக்ஷ்மி கண்ணாலேயே கும்பிட்டாள். பேசாமல் இருந்தால் போதும். கேசரி இருக்கிறது, காபி இருக்கிறது, சொல்லி நேராக்கிவிடலாம். பதினோரு ஜாதகம், பன்னிரண்டாவது இது. அனந்தநாராயணன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"சின்ன ஊர்தான்" என்றார். "மூணு லட்சம் ஜனம். நம்ம தாராவியை விடக் குறைச்சல். லிவர்பூல் அங்கே வந்து தோத்தது. பார்சிலோனா வந்து தோத்தது. ஒரு கோல் போதும்னு தெரிஞ்சவா ஒண்ணு போட்டுட்டு, மிச்ச நேரம் முழுக்க உயிரைக் கொடுத்து நின்னா. லீக் ஒரு தடவை, ஐரோப்பா ரெண்டு தடவை. லீக்கை விட ஐரோப்பாவை அதிகம் ஜெயிச்ச பெருமை அங்கே வேற ஒரு கிளப்புக்கும் கிடையாது. அப்புறம் விழுந்தா. மூணாம் டிவிஷன் வரைக்கும் விழுந்தா. அப்பவும் சட்டையிலேர்ந்து அந்த ரெண்டு நட்சத்திரத்தை எடுக்கலை. அதிர்ஷ்டம்னு மட்டும் என் ஆத்துல உட்கார்ந்துண்டு சொல்லாதீங்கோ."

சொல்லி முடித்ததும் பன்னிரண்டாவது ஜாதகமும் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது. மகளைப் பார்க்கத் துணிவில்லை. ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஃபைலில் தேதி இருந்தது.

வேங்கடசுப்ரமணியன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சாய், கிளம்பு."

சாய்நாத் எழுந்திருக்கவில்லை. இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டான். தரகர் சொன்னது போல அவன் உருகித்தான் போயிருந்தான், கண் கலங்கியிருந்தது. பஜ்ஜியில் மிளகாய் அதிகமோ என்று அனந்தநாராயணன் நினைத்தார்.

"சாய்" என்றார் அவன் அப்பா மறுபடியும்.

வாசல் மணி அடித்தது. சுப்புலக்ஷ்மி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். யார் வந்தாலும் சரி என்றிருந்தது அவளுக்கு.

சலாவுதீன் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே பந்து படம் போட்ட பை. கரண்டு போய்விட்டதால் நேரமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டபடி, தையலைக் காட்டுவதற்காக அங்கேயே ஜெர்சியை உதறி விரித்துப் பிடித்தார். சிவப்பு. மரம், அலை, இரண்டு நட்சத்திரம். திருப்பினார். முதுகில் இருபத்தைந்து. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். சாருலதா மட்டும் தரையைப் பார்த்தாள்.

சட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்த சலாவுதீனின் முகம் சிரிப்பில் விரிந்தது.

"அட, தங்கச்சியும் தம்பியும் இங்கதான் இருக்கியளா? ஜூன் மாசம் சேர்ந்து வந்து, ம்யூனிக்குக்கு ஒண்ணு மாட்ரிட்டுக்கு ஒண்ணுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனியளே, எழுபத்தொம்பதும் எம்பதும், தொவைச்சதுல சாயம் ஏதும் போவலியே?"