நட்புத் தீவில் ஒரு கூரை

ஒரு நாட்டுக்குப் பெயர் வைக்கும் தகுதி அந்த நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிடையாது என்பது வரலாறு ஐயமற நிறுவிய உண்மை. அதற்குக் கப்பலில் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, கிளம்பிப் போகிற ஒருவர் வேண்டும். தோங்கா மக்கள் தங்கள் தீவுகளைத் 'தெற்கு' என்று பொருள்படும் அந்தச் சொல்லாலேயே அழைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்பு வந்த ஒரு டச்சுக் கப்பல்காரர் ஒரு தீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும் இன்னொன்றுக்கு ராட்டர்டாம் என்றும் பெயர் சூட்டினார். வீட்டு நினைப்பு வந்திருக்க வேண்டும். பிறகு வந்தவர் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் குக். லிஃபுகா தீவில் அவருக்குக் கொடுத்த விருந்துக்குப் பின் 'நட்புத் தீவுகள்' என்ற பெயர் நிலைத்தது.

அந்த விருந்தின் மறுபாதி லிஃபுகாவில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் பாட்டம் நடக்கும்போதே விருந்தாளியைத் தீர்த்துவிட்டுக் கப்பலை எடுத்துக்கொள்வதாகத் தலைவர்கள் பேசிவைத்திருந்தார்கள் என்பது கதை. பகலில் முடிக்கலாம் என்றது ஒரு தரப்பு. இரவுதான் சரி என்றது மறுதரப்பு. விவாதம் முடிவதற்குள் விருந்தாளி நன்றி சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். இதைச் சொல்ல அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. யாருடைய முன்னோர் சொன்னது சரி என்பதில்தான் இன்றும் முகம் பார்க்காத குடும்பங்கள் உண்டு.

இன்றைய லிஃபுகாவின் பள்ளித் தலைமையாசிரியை லெசியெலிக்கு இந்த வரலாறு வெறும் பாடம். அவள் கவலை கூரை. போன புயல் பள்ளிக்கூடத்தின் பாதிக் கூரையைப் பிடுங்கிக் கடலில் போட்டிருந்தது. மழை வந்தால் சின்ன வகுப்புகள் மேசைக்கு அடியில் நடந்தன. அப்போதுதான் வெளிநாட்டு நிதியம் ஒன்றின் தலைவர் பென்ரோஸ், 'நட்பு' என்ற பெயர் நிலைத்த இடத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அந்த நிதியம் பள்ளிகளுக்குக் கூரை போட்டுக் கொடுப்பது. ஒரே நிபந்தனை, ஊர் சார்பில் வாய் திறந்து கேட்க வேண்டும்.

உடனே 'பெயர்ப் பெருமைப் பாதுகாப்புக் குழு' உதயமானது. தலைவர் சோவாகாய், லெசியெலியின் தாய்மாமன், பகல் தரப்பின் வாரிசு. துணைத்தலைவர் தௌஃபா, இரவுத் தரப்பின் வாரிசு. இருவரும் சபை மரியாதைப்படி இடுப்பில் பாய் கட்டி, சம தூரத்தில், எதிரெதிராக அமர்ந்தார்கள். கூரை கேட்பது என்று ஒருமனதாக முடிவானது. அந்த அளவில் கூட்டத்தை முடித்திருக்கலாம்.

"விருந்துக்கு முன்னாடியே கேட்டுரணும்" என்றார் சோவாகாய். "வயிறு காலியா இருக்கும்போதுதான் மனுஷனுக்குக் காது கேக்கும்."

"வந்தவன் உக்கார்றதுக்குள்ள கையை நீட்டுறதா? எங்க வீட்ல அப்படிப் பழக்கமில்ல அண்ணே" என்றார் தௌஃபா. "பன்றியும் கிழங்கும் உள்ள போகட்டும். அப்புறம் கேட்டா மாட்டேன்னு சொல்ல வாய் வராது."

"தூக்கம்தான் வரும். உங்க பாட்டன் காலத்துலேருந்து இப்படித்தான், எதையும் இருட்ட விட்டுத்தான் செய்வீங்க."

"நீங்க பட்டப்பகல்ல செஞ்சு கிழிச்சது எந்தக் கப்பலோ?"

லெசியெலி, நானே கேட்டுவிடுகிறேன், எப்போது என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். குழு அவளுடைய ஆர்வத்தைப் பதிவு செய்துகொண்டு, அதைவிடப் பெரிய கௌரவம் ஒன்றை வழங்கியது: சபையில் விருந்தாளிக்குத் தரும் காவா என்ற வேர்ப்பானத்தைக் கரைக்கும் பொறுப்பு. கரைப்பவர் சபையில் பேசக் கூடாது.

விருந்து பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. வேறு பெரிய கட்டடம் கிடையாது. வந்தவர் கண்ணில் ஓட்டை படுவது மரியாதையா என்று ஊர்ப் பெண்கள் தங்கள் கல்யாணத்துக்கு வந்த மரப்பட்டைத் துணிகளையெல்லாம் எடுத்துவந்து கூரை இல்லாத பக்கம் முழுக்கக் கட்டினார்கள். பென்ரோஸ் அண்ணாந்து பார்த்து, இவ்வளவு அழகான கூரையைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்றார். சோவாகாய் எழுந்தார். தௌஃபா இருமினார். சோவாகாய் உட்கார்ந்தார். பன்றி வந்தது, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை வந்தது, நடனம் வந்தது. தௌஃபா எழுந்தார். இப்போது சோவாகாய் இருமினார். லெசியெலி காவாவைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் கரைத்த வேகத்தைக் கலைநயம் என்று பலர் பாராட்டினார்கள். பென்ரோஸ் எல்லாரையும் கட்டித் தழுவிவிட்டுப் படகேறினார்.

மறுநாள் தலைநகர் வானொலியில் அவர் பேசினார். குழு முழுவதும் பள்ளியில் கூடிக் கேட்டது. தான் போன நாடுகளில் எல்லாம் ஏதாவது கேட்டார்களாம். லிஃபுகாவில் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். குறை என்பதே இல்லாத மக்களாம். பெயர் சரியாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறதாம். ஆகவே இந்த ஆண்டுக்கான நிதியைத் தேவையுள்ள வேறொரு நாட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

சோவாகாயும் தௌஃபாவும் எழுந்து கைகுலுக்கினார்கள். ஊர் அறிய இது முதல் முறை. துணிகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்ததால், அப்போது பிடித்த மழை நேராக வகுப்புக்குள் இறங்கியது. பிள்ளைகள் சொல்லாமலே மேசைக்கு அடியில் போனார்கள்.

"பாத்தியாம்மா, நம்ம பேரைக் காப்பாத்திட்டோம்" என்றார் சோவாகாய்.

லெசியெலி கடைசிப் பையனின் தலையை மேசைக்கு உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க ஒத்துப்போகல, வந்தவன் பொழைச்சான். நேத்தும் ஒத்துப்போகல, வந்தவன் பணம் பொழைச்சுது. ரெண்டு தடவையும் நமக்கு என்ன மாமா வந்துச்சு?"

"விருந்தாளிக்கு ஒரு கஷ்டமும் வராம அனுப்பி வைக்கிறோம் பாரு, அதுக்குப் பேருதான் நட்பு" என்றார் சோவாகாய். தௌஃபா அதை வழிமொழிந்தார்.

"அப்படின்னா இந்தப் பிள்ளைங்க இங்க பொறந்திருக்கவே கூடாது மாமா" என்றாள் லெசியெலி. "கப்பல்ல வந்து எறங்கியிருக்கணும்."