கரண்ட் விமானமும் ஒரு பட்டுக்கரைத் துண்டும்

பெண் பார்க்கப் போன இடத்தில் சொதப்பியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தன் வீட்டுக் கூடத்திலேயே, தன்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் சொதப்பியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும்தான்.)

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ரெட்டியார்பாளையத்தில் அம்மாவும் நானும் மட்டும். எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம், ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம். கல்லூரிக் காலத்திலிருந்து குட்டி இன்ஜின் வைத்த விமானம்தான் பறக்கவிட்டேன். அது குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு திரவம். குடித்ததில் பாதியை எரித்துவிட்டு மீதியைத் தன் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். அங்கிருந்து எண்ணெய் என் சட்டைக்கு வரும், சட்டையிலிருந்து சோபாவுக்குப் போகும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அக்கறையாக விசாரிப்பார்கள், "யாருக்குங்க வயிறு சரியில்ல?"

வந்த சம்பந்தமெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. அம்மா பழியை உதிர்ந்துகொண்டிருந்த என் தலைமுடி மேல் போடவில்லை, இன்ஜின் மேல் போட்டாள்.

"ஒண்ணு இந்த விளக்கெண்ண ப்ளேன் வூட்ட வுட்டுப் போவணும், இல்ல நான் என் தம்பி வூட்டுக்குப் போயிடறேன்."

அப்படித்தான் நான் கரண்டுக்கு மாறினேன். கூடவே பறக்கவிடும் நண்பன் நசீருக்கு இது பிடிக்கவில்லை. டவுனில் அவனுக்கு ஹார்டுவேர் கடை. "சத்தமே இல்லாம பறக்கறதுக்கு ப்ளேன் எதுக்குடா? காக்கா போதுமே" என்றான்.

ஆனால் பார்சலைப் பிரித்ததிலிருந்து எனக்கு அதன் மேல் தீராத ஆச்சரியம். எலுமிச்சம்பழ அளவு மோட்டார். ஒரு சொட்டு எதையும் குடிக்காமல் இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? மூன்று ஒயரில் இரண்டை மாற்றிச் செருகினால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதே, ஏன்? பேட்டரியைச் செருகினால் 'பீப் பீப்' என்று ஒரு குட்டி ராகம் பாடியது. யாருக்காகப் பாடுகிறது என்று யோசித்துக்கொண்டு சாப்பாட்டை ஆறவிட்டேன். அது "நான் தயார், இனிமேல் ஜாக்கிரதை" என்று எனக்குத்தான் சொன்னது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் வளர்மதி ஜாதகம் வந்தது. தவளக்குப்பம் பக்கத்தில் விவசாயக் குடும்பம், பெண் டவுனில் நர்ஸ். நோணாங்குப்பம் படகுத் துறையில் இரண்டு குடும்பமும் சந்தித்தபோது எங்களைப் பத்து நிமிடம் தனியாகப் பேசவிட்டார்கள். சம்பளம் பற்றி அவள் கேட்கவில்லை. "ப்ளேன் கீழ வுழுந்தா அழுவீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில், இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்கு இனிமேல் யாரும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். அவள் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவளுடைய அப்பா, வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டுக்கரைத் துண்டுமாக, அதிகம் பேசாத மனிதர். அவளுடைய அம்மா, எதையும் தொட்டுப் பார்த்தால்தான் திருப்தி. பிரான்ஸிலிருந்து லீவில் வந்திருந்த தாய்மாமன், எதிலும் திருப்தியில்லை.

கூடத்தில் டீப்பாய் மேல் என் புது விமானம் நின்றது. சோபாவில் இப்போது எண்ணெய் வாடை இல்லை என்பதை யாராவது கவனிக்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். வளர்மதியின் அம்மா விமானத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி இது, நெசமாவே பறக்குமா?" என்றார்.

அவ்வளவுதான், எனக்குக் குஷி பிறந்துவிட்டது. பேட்டரியைச் செருகினேன். ராகம் பாடியது. ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்து, வலது குச்சியை அசைக்கச் சொன்னேன். இறக்கை ஆடியது, வால் ஆடியது. தாய்மாமன்கூடக் கழுத்தை நீட்டினார்.

இது நான் வருடக்கணக்காக வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிய வித்தை. பழைய விமானத்தில் இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பினால்தான் உயிர் வரும். அதுவரை எந்தக் குச்சியை எப்படித் தள்ளினாலும் அது சாது.

"இந்த இடது பக்கக் குச்சி எதுக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அது இன்ஜின் வேகத்துக்கு. தள்ளிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது."

முழுசாகத் தள்ளினார்.

விமானம் டீப்பாயை விட்டுப் பாய்ந்தது. நேராகத் தாம்பூலத் தட்டில் இறங்கியது. வெற்றிலை கூடம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பறந்தது. தாய்மாமன் இரண்டு காலையும் தூக்கி சோபா மேல் வைத்துக்கொண்டார். பயந்துபோன அந்த அம்மா ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டார். ஆனால் வேகக் குச்சி, விட்டால் திரும்பி வருகிற ஜாதி இல்லை. தள்ளிய இடத்திலேயே நிற்கும். விமானம் ஷோகேஸில் முட்டிக்கொண்டு நிற்க, அதன் மூக்கிலிருந்த விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

என் கை முதலில் எரிபொருள் குழாயைத் தேடியது. அதைக் கிள்ளினால் இன்ஜின் நின்றுவிடும். குழாய் எங்கே இருக்கிறது, விளக்கெண்ணெயோடு போய்விட்டதே! அடுத்த வழியும் என் கைக்குத் தெரியும். சுற்றுகிற விசிறியில் ஒரு துணியை வீசினால் இன்ஜின் அடங்கிவிடும். துணிக்குத் திரும்பினேன். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு துணி, ஒரு தோளின் மேல் இருந்தது.

உருவினேன். வீசினேன்.

இன்ஜினுக்கு ரோஷம் உண்டு, துணி பட்டால் நின்றுவிடும். மோட்டாருக்கு அதெல்லாம் கிடையாது. பட்டுக்கரையை ஓரத்திலிருந்து பொறுமையாகச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு மேலும் சுற்றியது. புகை வந்தது. நான் துண்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்தது.

பெண்ணின் அம்மா குனிந்து ரிமோட்டை எடுத்து, "இத கீழ இழுத்தா நிக்காதா தம்பி?" என்றபடி இழுத்தார். நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரின் தோளிலிருந்து துண்டை உருவுவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கை வைத்தவனோ அவர் வீட்டுக்கு மருமகனாக வர ஆசைப்படுகிறவன். வளர்மதியின் அப்பா காலியான தோளை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். என் வயிறு கலங்கிவிட்டது. (விளக்கெண்ணெய் இல்லாமலே.)

"செ ஃபினி" என்றார் தாய்மாமன். முடிந்தது என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் அந்த அளவு பிரெஞ்சு தெரியும்.

பிறகு அவர் தன் அக்காவிடம் திரும்பினார். "உன்ன யாரு அத தள்ளச் சொன்னது?"

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. எனக்கு அது பொறுக்கவில்லை. "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. நான்தான் தள்ளச் சொன்னேன். நாந்தான் கையில கொடுத்தேன்" என்றேன். சொல்லிவிட்டு, கிழிந்த துண்டை மடித்துப் பெரியவரிடம் நீட்டினேன். மடித்துக் கொடுத்தது இன்னும் அசிங்கமாக இருந்தது. அவர் வாங்கிக்கொண்டு, காபி குடிக்காமல் எழுந்தார்.

மூன்று நாள் போன் வரவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை. நசீர் வந்து கருகிய வாடையை முகர்ந்துவிட்டு, "விளக்கெண்ணெயே தேவலடா" என்று ஆறுதல் சொன்னான். நான் விமானத்துக்காக அழவில்லை என்பதை மட்டும் வளர்மதியிடம் சொல்ல முடிந்தால் போதும் என்று இருந்தது.

நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"எங்கப்பா ரெண்டு நாளா கோவமா இருந்தாரு. எங்கம்மாதான் வுடல. இத்தினி வருசத்துல நான் ஒடச்ச எதுக்கும் யாரும் பழிய ஏத்துக்கிட்டதே இல்ல, இந்தப் பையன் ஏத்துக்கிட்டான்னு ஒரே புடியா நிக்குது. அப்பா சரின்னுட்டாரு. ஒரு கண்டிசன், கல்யாணத்தன்னிக்கி நீங்க அவருகிட்டேந்து ரெண்டடி தள்ளி நிக்கணுமாம்."

நின்றேன். கல்யாண ஆல்பத்தில் எனக்கும் மாமனாருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி இருக்கிறது. தெரியாதவர்கள் சண்டை என்று நினைப்பார்கள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் 'ஒண்ணும் ஆகாது' என்ற வார்த்தை எனக்குத் தடை. மிக்ஸி ரிப்பேரானாலும் சரி, கேஸ் சிலிண்டர் மாட்டினாலும் சரி, நான் அதைச் சொன்னால் எல்லோரும் எழுந்து சுவரோரம் போய்விடுவார்கள். நானும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன், மகள் பிறந்த அன்றைக்கு வரைக்கும். வளர்மதியைப் பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்து, "பயப்படாத, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவ்வளவு வலியிலும் அவள் தலையைத் திருப்பித் தன் அம்மாவைத் தேடினாள்.

"அம்மா, அப்பாவ துண்ட கெட்டியா புடிச்சிக்கச் சொல்லு."