அனுமதியின்றி வெளியேறிய ஹைட்ரஜன்

எஃகுக்கு வரும் ஒரு பொல்லாத நோய்க்கு மருந்து கண்டுபிடித்த பெருமை எங்கள் பரிசோதனை நிலையத்தையே சேரும். மருந்தின் பெயர் 'காத்திருப்பு'.

நோய் இதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை இழுத்தால் முதலில் நீளும், பிறகுதான் அறும். உள்ளே ஹைட்ரஜன் புகுந்துவிட்டால் நீளாது. சாக்பீஸ் மாதிரி பட்டென்று உடையும். ஊர்க்கோடியில் ஒரு ஹைட்ரஜன் தொட்டி வரவிருந்தது. அதன் மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு இந்த ஸ்டீல் தாங்குமா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். இழுத்துப் பார்ப்பவள் என் தங்கச்சி. அந்த போல்ட்டுகளை முடுக்கி, தொட்டிக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கப்போகிறவர் அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை. நான் கோப்புப் பிரிவு. எஃகை இழுக்க அவளுக்கு மெஷின் வேண்டும். கோப்பை இழுக்க எனக்கு எதுவும் வேண்டாம்.

தங்கச்சி ஒரு துண்டுக்குள் ஹைட்ரஜனை ஏற்றி, உடனே இழுக்க வேண்டும் என்றாள். 'உடனே' என்ற சொல் எங்கள் இயக்குநருக்கு ஆகாது. அனுமதி வரும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்று துண்டை வாங்கித் தம் அறையில், வெயில் விழும் ஜன்னலோரம் வைத்துக்கொண்டார். வாரக்கணக்கில் அது அங்கே சுகமாகக் கிடந்தது. கோப்போ ஒவ்வொரு மேஜையிலும் கால்நீட்டிப் படுத்து எழுந்து வந்தது. தங்கச்சி தினமும் வந்து என் உயிரை வாங்கினாள்.

ஒருவழியாக அனுமதி கிடைத்தது. இழுத்தார்கள். அடடா, என்னமாய் நீண்டது! கூட்டம் போட்டுக் கைதட்டினோம். தங்கச்சி மட்டும் தட்டவில்லை.

"சார், அது போயிடுச்சு."

"எது?"

"ஹைட்ரஜன். இத்தனை நாள் வெயில்ல வெச்சா உள்ளேயே இருக்குமா? வெளிய போயிடுச்சு."

இயக்குநர் திடுக்கிட்டார். "யாரைக் கேட்டுப் போச்சு?"

யாரையும் கேட்கவில்லை என்பது விசாரணையில் உறுதியானது. 'அனுமதியின்றி வெளியேறியது' என்று பதிவு செய்து, ஹைட்ரஜனிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் ஒட்டினோம். மற்றபடி ஸ்டீல் பாஸ்.

"சாம்பிள்ல இருந்து போயிடும் சார். தொட்டியில அது எப்பவும் உள்ளயேதான இருக்கும்? என் வீட்டுக்காரர் அங்கதான் நிக்கப்போறார். ஒரே ஒரு துண்டை, ஏத்தின கையோட இழுத்துப் பாக்க விடுங்க."

நியாயமான கோரிக்கை. அதற்கென்று புதுக் கோப்பே திறந்தோம். அது இன்னும் மூன்றாவது மேஜையில் இருக்கிறது. போல்ட்டுகள் போய்ச் சேர்ந்து, மாப்பிள்ளை முடுக்கியும் விட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நேற்றுக் காலை திறப்பு விழா அழைப்பு வந்தது. இயக்குநர் தொட்டியருகில் நின்று, தம் கையாலேயே வால்வைத் திறந்துவைக்க வேண்டுமாம். படித்ததும் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வர இயலாததற்கு வருத்தம் தெரிவித்து, தமக்குப் பதிலாகத் தொட்டியருகில் நிற்கும் ஊழியரே திறக்கலாம் என்று பெருந்தன்மையோடு எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிட்டார்.

எங்கள் அலுவலகத்தில் வந்த அன்றே பதில் போன ஒரே காகிதம் அதுதான்.