ஹவில்தார் பொறையன் இன்னும் வந்துசேரவில்லை

ஒரு காட்டில் பொறையன் என்ற ஆமைக்கு அநியாயம் நடந்தது. பதினெட்டு வருஷம் படையில் இருந்தவர். போருக்குப் போனவர். எதிரிக் காட்டுக் குரங்குகள் எறிந்த கல் அத்தனையையும் முதுகில் வாங்கியவர். அவருக்கு வரவேண்டிய பதக்கம் இரண்டு. வந்தது பூஜ்யம். கேட்டால், “பதிவேட்டில் இல்லையே” என்றார்கள். முதுகில் இருக்கிறதே என்று திரும்பிக் காட்டினார். முதுகையெல்லாம் ஆவணமாக ஏற்பதற்கில்லை என்றார்கள்.

போர் எதற்கு என்று கேட்காதீர்கள், கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டு காடுகளுக்கு நடுவில் ஓர் இலந்தை மரம். வேர் இந்தக் காட்டில், கிளை அந்தக் காட்டில். அவ்வளவுதான். போரின் மூன்றாம் நாள் சேனாதிபதி காட்டுப்பன்றி, கிழக்கு முகட்டில் இருந்த நான்காம் படைப்பிரிவுக்கு ஓர் ஓலை அனுப்ப வேண்டியிருந்தது. “உடனே தாக்கவும். மிக அவசரம்.” தூதுப்பிரிவில் இருந்ததெல்லாம் முயல்கள். அவை வேகமாகத்தான் ஓடின, ஆனால் வீட்டைப் பார்த்து. மிச்சம் நின்றது பொறையன் ஒருவர்தான். “இவன் முதுகில் கவசம் இருக்கிறது, இவனை அனுப்பு” என்றார் சேனாதிபதி. ராணுவ மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

ஓலையை வாயில் கவ்விக்கொண்டு பொறையன் நடந்தார். நான்கு மாதம் நடந்தார். போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது, இலந்தைப் பருவமும் முடிந்திருந்தது. உத்தரவு வராததால் நான்காம் பிரிவின் நானூறு அணில்களும் தாக்காமல் உட்கார்ந்து, தின்று, கொழுத்து, ஒரு வால்மயிர்கூட உதிராமல் உயிரோடு இருந்தன. பிரிவுத் தலைவர் வெள்ளாடு ஓலையைப் படித்தார். நானூறு அணில்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஓலையைத் தின்றுவிட்டார்.

“நல்ல வேலை செஞ்ச, பொறையா. இதே வேகத்துல திரும்பிப் போ” என்றார். இருந்த ஒரே சாட்சி அத்தோடு ஜீரணமாகிவிட்டது. முகாமைக் கலைத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். அணில்கள் வழியில் அவரைத் தாண்டும்போது வாலை ஆட்டிவிட்டுப் போயின.

திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது. இடையில் யாரோ நான்குவழிச் சாலை போட்டிருந்தார்கள், அதைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. வந்து பார்த்தால் வருகைப் பதிவு செய்யும் பொந்து பூட்டிக் கிடந்தது.

அந்தக் காட்டில் பதக்கம் கொடுக்க ஒரு முறை உண்டு. காட்டு வாசலில் ஒரு பெரிய கூடை நிறைய குன்றிமணிப் பதக்கம் வைத்திருப்பார்கள். போரிலிருந்து வருகிறவர்களுக்கு, வருகிற வரிசைப்படி, அள்ளி மாட்டிவிடுவார்கள். முதலில் வந்தவருக்கு ஐந்து, அடுத்தவருக்கு நான்கு, இப்படிக் குறைந்து கடைசியில் வருகிறவருக்கும் இரண்டு. ஆக, எவன் முதலில் புறமுதுகு காட்டினானோ அவன் கழுத்து ரொம்பக் கனத்தது. நெடுஞ்செவியன் என்ற தூதுப்பிரிவு முயல் போர் தொடங்கிய இரண்டாம் நாளே வந்து ஐந்து பதக்கம் வாங்கி, பிற்பாடு படைப் பதிவேட்டு அலுவலகத்துக்கே கண்காணிப்பாளர் ஆகிவிட்டது.

பொறையனுக்குப் பதக்கத்தின் மேல் பேராசை ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பௌர்ணமியன்று காலையில் வெற்றி அணிவகுப்பு நடக்கும். பதக்கம் இருப்பவர்கள் மட்டும்தான் அதில் நடக்கலாம். முரசுக்குக் கால் வைத்து, நிதானமாக, ஆற அமர நடப்பார்கள். “வாழ்க்கைல எல்லாரும் மெதுவா நடக்கிற இடம் அது ஒண்ணுதான்” என்பார் பொறையன். “அங்க மட்டும் நான் பின்தங்க மாட்டேன்.” ஒரே ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து நடந்துவிட வேண்டும், அதற்குள் முழங்கால் போய்விடக் கூடாது. இதுதான் அவர் ஆசை.

இந்த நேரத்தில்தான் செங்கொண்டை கதைக்குள் பறந்து வருகிறாள். மரங்கொத்தி. காட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை தர்க்கம், இரண்டாம் ஆண்டு. பட்டிமன்றத்தில் ஏழு முதல் பரிசு. அநியாயம் என்று காதில் விழுந்தால் போதும், அலகைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். போன வருஷம் விடுதியில் புழுக்குழம்பில் புழு குறைகிறது என்று பதினான்கு பக்க மனு கொடுத்தாள். நிர்வாகம் அவள் வாதத்தை முழுமையாக ஏற்று, புழு போதாத குழம்பு மாணவர்களை ஏமாற்றும் செயல் என்று ஒப்புக்கொண்டு, குழம்பையே நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து விடுதியில் யாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவளோ அதை வெற்றிக் கணக்கில்தான் வைத்திருந்தாள்.

அவள் ஏதோ சான்றிதழுக்காக இ-சேவைப் பொந்துக்குப் போனபோது பொறையன் அங்கே பதினோராவது நாளாக நின்றுகொண்டிருந்தார். பதிவேட்டுத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க ஓடிபி வேண்டும். ஒரு மின்மினி ஆறு இலக்க எண்ணை மினுக்கிக் காட்டும், முப்பது மினுக்கலுக்குள் பாறையில் குத்த வேண்டும். பொறையன் முதல் எண்ணுக்குக் காலைத் தூக்குவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

“தள்ளுங்க ஐயா” என்று செங்கொண்டை டக் டக் டக் என்று ஆறு குத்துக் குத்தினாள். விண்ணப்பம் போய்விட்டது.

அன்றோடு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“எதுக்கு ஐயா இந்த விண்ணப்பம்?” என்று கேட்டாள். அவர் சொன்னார். அவர் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆனது. அவளுடைய கொண்டை நெருப்பாகி நின்றது.

மறுநாள் இருவரும் பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அதாவது மறுநாள் கிளம்பினார்கள், நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். நெடுஞ்செவியன் ஐந்து பதக்கமும் கலகலக்க இலையைப் புரட்டியது.

“ஹவில்தாரே, ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, நீங்க போர்லேர்ந்து திரும்பி வந்ததா பதிவே இல்ல. திரும்பி வந்தவங்களுக்குத்தான் பதக்கம். ரெண்டு, பணி முடிஞ்சு தொண்ணூறு நாளுக்குள்ள கேட்டிருக்கணும். ஒம்பது வருஷமாச்சு.”

“எதிர்ல நிக்கிறாரே சார், இவர் திரும்பி வரலையா?” என்றாள் செங்கொண்டை.

“நிக்கிறாரு. நான் பாக்கறேன். பதிவேடு பாக்கலையேம்மா.”

“ஓடிப்போன உங்களுக்கு அஞ்சு. நானூறு உசிரக் காப்பாத்தினவருக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு நியாயம்!”

“நான் ஓடலம்மா. போர் தொடங்கிடுச்சுங்கற செய்தியை வீட்டுக்குச் சொல்ல முந்தினேன்.” நெடுஞ்செவியன் இதைச் சிரிக்காமல் சொன்னது. பிறகு பொறையனைப் பார்த்தது. அவருடைய முதுகில் இருந்த கல் தழும்புகளைப் பார்த்தது. காதுகள் கொஞ்சம் தொங்கின. எந்த ஓலையை யார் சுமந்திருக்க வேண்டும் என்பது அதற்கும் தெரியும்தானே. மேசை இழுப்பறையைத் திறந்தது. உள்ளே அந்தப் பழைய கூடையின் மிச்சம், ஏழெட்டுப் பதக்கம் கிடந்தது.

“இங்க பாருங்க. ‘எனக்கு வழங்கப்பட்ட இரண்டு பதக்கங்கள் தொலைந்துவிட்டன, மாற்றுப் பதக்கம் தரவும்’னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. தொலைஞ்சதுக்கு மாத்திக் குடுக்கற அதிகாரம் எனக்கே இருக்கு. இப்பவே மாட்டிக்கிட்டுப் போங்க. பத்து நாள்ல பௌர்ணமி.”

பொறையனின் கழுத்து ஓட்டைவிட்டு முழுசாக வெளியே வந்தது. அவ்வளவு நீளக் கழுத்து அவருக்கு உண்டு என்று செங்கொண்டைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எழுதிடலாமா தாயி?” என்றார்.

“ஐயா! குடுக்காத பொருள் எப்படித் தொலையும்? அவங்க தப்ப உங்க கவனக்குறைவுன்னு நீங்களே கையெழுத்துப் போடுவீங்களா? இது பிச்சை. நமக்கு வேண்டியது உரிமை!”

“எனக்கு நடக்கணும், அவ்வளவுதான் தாயி.”

“நடப்பீங்க. தலை நிமிர்ந்து நடப்பீங்க.”

நெடுஞ்செவியன் இழுப்பறையை மூடியது. மூடும்போது உள்ளே குன்றிமணிகள் உருண்ட சத்தம் பொறையனுக்குக் கேட்டது. செங்கொண்டைக்குக் கேட்கவில்லை, அவள் அப்போது பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று தொடங்கி மூன்று நாள் அவள் மரப்பட்டையில் மனு கொத்தினாள். விடுதி முழுக்கத் தலைவலி. “ஏய் செங்கொண்டை, புழுக்குழம்பு ஞாபகம் இருக்குல்ல?” என்று பக்கத்துப் பொந்து மைனா கத்தினாள். “சும்மா இரு, இது கொள்கைப் பிரச்சினை” என்று இவளும் கத்தினாள்.

மனு நாற்பத்திரண்டு பட்டை வந்தது. அதில் முப்பத்தேழாம் பட்டைதான் அவளுக்கு மகுடம். எழுதிவிட்டு நாலு தடவை தானே படித்து ரசித்தாள். ‘ஹவில்தார் பொறையன் திரும்பி வந்ததாகப் பதிவு இல்லை என்கிறீர்கள். சரி. திரும்பி வராதவருக்குப் பணி முடியவில்லை. பணி முடியாதவருக்குத் தொண்ணூறு நாள் கெடு தொடங்கவே இல்லை. தொடங்காத கெடு எப்படி ஐயா முடிந்தது?’

பொறையனுக்கு அதைப் படித்துக் காட்டினாள்.

“கேக்க நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர். “ஆனா எங்கியோ இடிக்குதே தாயி.”

“தர்க்கம் இடிக்காது ஐயா!”

மனு காட்டரசரின் படைத்துறைச் செயலகத்துக்குப் போனது. பொறையன் தினமும் ஓட்டுக்கு வேப்பெண்ணெய் தேய்த்து மினுக்கிக்கொண்டு காத்திருந்தார். அணிவகுப்புத் திடல் ஓரமாகவே வந்து தங்கிவிட்டார். கடைசி நேரத்தில் கூப்பிட்டால் போய்ச் சேர வேண்டுமே.

பௌர்ணமியன்று காலை. முரசு முழங்கத் தொடங்கிவிட்டது. நெடுஞ்செவியன் முன்வரிசையில் ஐந்து பதக்கத்தோடு நின்றது. அப்போதுதான் காகம் பதில் ஓலையைக் கொண்டுவந்து போட்டது. செங்கொண்டை பிரித்தாள். உரக்கப் படித்தாள்.

“‘தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. மனுவில், குறிப்பாக முப்பத்தேழாம் பட்டையில், கண்டுள்ள வாதம் முற்றிலும் சரி என இச்செயலகம் ஏற்கிறது.’ ஐயா! ஜெயிச்சிட்டோம் ஐயா!” அவள் மேலே பறந்து ஒரு குட்டிக்கரணம் போட்டு இறங்கினாள். “முற்றிலும் சரியாம்! செயலகமே சொல்லுது! ‘முற்றிலும்’னு போட்டிருக்கு!”

பொறையன் ஏற்கனவே முன்னங்கால் ஒன்றைத் திடலுக்குள் எடுத்து வைத்திருந்தார்.

“அடுத்த வரியப் படி தாயி.”

அவள் படித்தாள். முதல் வரியைப் படித்த குரலில் தொடங்கி, போகப் போக அவள் பட்டிமன்றத்தில் ஒருநாளும் பேசியிராத குரலுக்கு வந்து சேர்ந்தாள்.

“‘ஆகவே ஹவில்தார் பொறையன் இன்னும் திரும்பி வரவில்லை என்பதும், அவரது பணி இன்னும் முடியவில்லை என்பதும் இதனால் உறுதி செய்யப்படுகிறது. பணி முடித்தவர்களுக்கு மட்டுமே போர்ப் பதக்கம் வழங்கப்படும் என்பதால் கோரிக்கை இப்போது ஏற்பதற்கில்லை. பணியில் உள்ள ஒருவர் அணிவகுப்புத் திடலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. அவர் இந்த ஓலையைக் கையோடு எடுத்துக்கொண்டு கிழக்கு முகட்டில் உள்ள நான்காம் பிரிவு முகாமுக்குச் சென்று, முகாம் தலைவரிடம் சேர்ப்பித்து, ஒப்புகை பெற்றுத் திரும்ப வேண்டும். மிக அவசரம்.’”

நீதி: போரிலிருந்து ஓடி வந்தவன் ஒரு வரிப் பொய்யோடு உதவ வந்தால் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பத்திரண்டு பட்டை உண்மையோடு ஒருத்தி உதவ வந்தால், அவள் பேசி முடிப்பதற்குள் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.