கரடியைச் சிங்கமாக்கக் கோரி மச்சானுக்கு

அருள்புரம்,
திருப்பூர்.

சென்னிமலையில் தறிகளோடும் நல்ல பேரோடும் வாழும் மதிப்பிற்குரிய மச்சான் சண்முகவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை சுப்புலட்சுமியின் கணவன் தங்கவேலு மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தையல் மிஷின்களும் மேற்படி தங்கள் தங்கையும் நலம் என்று முதலில் எழுதுவதுதான் மரியாதை. எழுதிவிட்டேன். அங்கு தாங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். தங்கள் வீட்டில் யாரும் தொலைதூரக் கல்வியில் சேரவில்லை என்பதால் இதை உறுதியாகவே நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, தறி சத்தத்துக்கு மேல் சத்தமாகக் கேட்பவர். நான் சொல்லப்போவது தெருவுக்குத் தெரியக்கூடாத விஷயம். அருள்புரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சென்னிமலையாவது மிஞ்சட்டும்.

எங்கள் மகன் பரணி பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு தங்கள் தங்கை எம்.ஏ. தமிழ் படிக்கச் சேர்ந்தாள். நான் தடுக்கவில்லை என்பதைத் தாங்கள் மனதில் வைக்க வேண்டும். காதர்பேட்டை பனியன் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, 'எங்க ஊட்ல எம்.ஏ. படிக்கறாங்க' என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். இந்த வருடம் குழந்தை இலக்கியம் என்று ஒரு பாடம் வந்தது. குழந்தைக்கு எதற்கு இலக்கியம், நல்ல காட்டன் ஜட்டி பத்தாதா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அவ்வளவுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு ஓர் அசைன்மென்ட். குழந்தைகளுக்குச் சொந்தமாக ஒரு கதை எழுத வேண்டும், அதைக் குழந்தைகளிடம் படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்ப வேண்டும்.

நம்ம ஊரில் காலர் ஒருத்தர், பட்டன் ஒருத்தர், இஸ்திரி ஒருத்தர் என்று வெளியே கொடுத்து வாங்கித்தானே பிழைக்கிறோம். இதையும் அப்படி முடித்துக் கொடுத்தால் அவளுக்குச் சிரமம் இருக்காதே என்று ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேனுங்க. அங்கே எல்லாப் பாடத்துக்கும் அசைன்மென்ட் தயாராக அடுக்கியிருக்கிறது. "கதையில நீதி வெச்சது வேணுங்களா, நீதி இல்லாதது வேணுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். நீதி வெச்சதே குடுங்க என்று கௌரவமாக வாங்கி வந்தேன். உண்மை பேசும் முயலைப் பற்றிய கதை. சுப்பு முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள். "ஏனுங்க, குழந்தைங்க சொன்னதும் இதுலயே இருக்குதுங்களே. 'இக்கதை எமது உள்ளத்தில் அறநெறியை ஆழப் பதித்தது'ன்னு ரெண்டாங்கிளாஸ் புள்ள சொல்லுச்சாமா?" என்றாள். அன்றைக்கே அந்த முயல் ஆட்டம் கொடுக்கிற கிரைண்டருக்கு அடியில் முட்டுக்கொடுக்கப் போய்விட்டது. போன வருசம் இதே முயலுக்கு நல்ல மார்க் விழுந்ததாகக் கடைக்காரர் சத்தியம் பண்ணினார் மச்சான். அதைச் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

சொந்தமாகவே ஒரு கதை எழுதினாள். கதை என்னன்னு கேளுங்க. காட்டுல ஒரு கரடி பனியன் கம்பெனி வெச்சிருக்குது. அணிலு, முயலு, மயிலு எல்லாம் அதுல தைக்குதுக. கரடி காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கத்தீட்டே இருக்குது. டீக்கு மணி அடிச்சா எல்லாம் எந்திரிச்சுப் போயிருதுகன்னு, ஒரு நாள் அந்த மணியைக் கழட்டி முழுங்கிப் போடுது. அப்புறம் கரடி நடந்தா வயித்துக்குள்ள மணி அடிக்குது. அடிச்சா எல்லாம் டீக்குப் போயிருதுக. கத்துனா இன்னும் சத்தமா அடிக்குது. கடைசில கரடி ஆடாம அசையாம, வாயத் தொறக்காம ஒரு மூலைல உக்காந்துக்குது, கம்பெனி நல்லா ஓடுது. இதுதானுங்க கதை. இதுல என்னைய எங்கியும் பேர் சொல்லலீன்னு உங்க தங்கச்சி சாதிக்கறா. ஆனா நம்ம கம்பெனில டீ மணி ஒரு மாசமாக் காணோம்ங்கறது ஊருக்கே தெரியும். அது ரிப்பேருக்குப் போயிருக்குது மச்சான். ரிப்பேர்காரன் ஊர்ல இல்ல. வேற ஒண்ணும் இல்ல.

சரி, கதையை நிறுத்தச் சொல்லலை, சின்னதா ஒரு திருத்தம் சொன்னேன். கரடிய சிங்கமாக்கிரு, பொழப்பு ஒண்ணுதான், பாக்கறதுக்குக் கம்பீரமா இருக்கும்னேன். முடியாதுன்னுட்டா. கடைசில கரடி எல்லாருக்கும் தீவாளிக்குப் போனஸ் குடுக்கற மாதிரியாவது வையின்னேன். "குழந்தைங்க நம்பாதுங்க" அப்படின்னா.

காலாண்டு லீவுல, நம்ம தையக்காரங்க புள்ளைங்களையெல்லாம் அவங்க குடியிருக்கற மண்ணரைல இருந்து அவங்கம்மாக்களோடயே வரச்சொல்லி, கம்பெனி மாடில நம்ம ஊட்ல உக்கார வெச்சுக் கதை படிக்க ஆரம்பிச்சா. நான்தான் புது சோபா அழுக்காயிரும்னு கீழ பேக்கிங் ஹால்ல உக்காத்தச் சொன்னேன். அது என்ற தப்பு, ஒத்துக்கறேன். ஹாலுக்குள்ள யாரு வந்தாலும் தொப்பியும் முகமூடியும் போடோணும்னு, கம்பெனியைச் சோதிக்க வர்ற ஆடிட்காரங்க எழுதி ஒட்டியிருக்கறாங்களேன்னு, புள்ளைங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தேன். சட்டத்தை மதிச்சது தப்புங்களா? சுப்பு அதுகளுக்குக் கட்டிங் வேஸ்ட்டைக் குடுத்துக் கரடி பொம்மை செய்யச் சொன்னா. எல்லாம் தொப்பியும் முகமூடியுமாத் தரைல உக்காந்து துணியைத் திணிச்சுக்கிட்டு இருந்துதுக. நான் எதுக்கும் இருக்கட்டும்னு, அவ டீத்தண்ணி வெக்க மேல போன சமயத்துல ஆளுக்கொரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட் குடுத்து, "கண்ணுகளா, யாராச்சும் கேட்டா கரடி நல்லவருன்னு சொல்லோணும்" அப்படீன்னேன். எல்லாம் தலையாட்டுச்சுக.

அந்த நேரம் பார்த்து வாசல்ல கார் வந்து நிக்குது. நமக்கு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் முன்கூட்டிச் சொல்லாம அனுப்பற ஆடிட். கிருத்திகான்னு ஒரு பொண்ணு, பரணி வயசுதான் இருக்கும். கைல டேப்லெட்டோட உள்ள வந்தது, ஹால் கதவுகிட்டயே நின்னுருச்சு. நம்ம பண்ணீட்டு இருக்கறது பச்சைக்குழந்தைக் கவுன் ஆர்டருங்க மச்சான். மேசை மேல குழந்தை கவுனு, மேசைக்குக் கீழ குழந்தைங்களே. அந்த ஆர்டர் போச்சுன்னா கம்பெனியைச் சாத்தறதைத் தவிர வழியில்ல. குழந்தைத் தொழிலாளர்னு பேர் விழுந்துட்டா திருப்பூர்ல எவன் என்ற மூஞ்சில முழிப்பான்?

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு கையக் காட்டி என்னைய நிறுத்திப்போட்டு, முன்னால உக்காந்திருந்த யாழினிகிட்டக் குனிஞ்சுது. யாழினி நம்ம ஓவர்லாக் மிஷின்ல தைக்கற நதியாவோட மக. சாத்தூர்ப் பக்கத்து வாயி, கேட்டா கேட்டதுக்கு மேலயே சொல்லும்.

"இங்க யாரும்மா முதலாளி?"

"கரடி."

"அவர் என்ன பண்ணுவார்?"

"ஏசிக்கிட்டே இருப்பாரு. டீக்கு விடக்கூடாதுன்னு மணிய முழுங்கிட்டாரு."

அந்தப் பொண்ணு நிமிந்து செவுத்தைப் பாத்துது. அங்க ஆணி மட்டும் இருக்குது. டேப்லெட்ல என்னமோ அடிச்சுது.

"பயப்படாம சொல்லு. கையில என்ன?"

"பிஸ்கட். கரடி நல்லவருன்னு சொல்லணும்னு குடுத்தாரு."

"யாரு குடுத்தா?"

யாழினி கை நீட்டுனது என்ற பக்கம். "கரடிதான்" அப்படீங்குது. மத்ததுகளும் சேந்து, "கரடி நல்லவரு"ன்னு ஒரே குரல்ல பாடுச்சுக. பிஸ்கட்டுக்கு நாயமா நடந்துக்கிட்டுதுக, அதைக் குத்தஞ் சொல்லக்கூடாது. அந்தப் பொண்ணு என்னையக் கரடியைப் பாக்கற மாதிரியே பாத்துது. கட்டிங் மாஸ்டர் பாண்டித்துரை உதவி பண்றேன்னு வந்து, "மேடம், இவங்க வேலைக்கு வந்தவங்க இல்ல, கதைக்கு வந்தவங்க" அப்படின்னாரு. "எந்தக் கதைன்னு நான் விசாரிச்சுக்கறேன்" அப்படின்னுது அந்தப் பொண்ணு.

அப்பத்தான் உங்க தங்கச்சி டீத்தட்டோட எறங்கி வந்தா. ஒரு பதட்டம் இல்ல. தட்டை வெச்சுட்டு, பல்கலைக்கழகக் கேள்வித்தாளையும் எழுதுன கதையையும் எடுத்துக் குடுத்தா. "இதுதான் கதைங்க. இதுதான் எனக்கு வந்த கேள்விங்க. புள்ளைங்க அம்மா எல்லாரும் இங்கதான் இருக்கறாங்க, கேட்டுப் பாருங்க" அப்படின்னா. நதியா எந்திரிச்சு வந்து, "எம்புள்ளதான் மேடம். லீவுக்கு வந்து கத கேக்குது"ன்னாங்க. அந்தப் பொண்ணு தாளைப் புரட்டிப் பாத்துச்சு. அப்புறம் ஃபேன் ஓரமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, "நீங்களே படிச்சுக் காட்டுங்க" அப்படின்னுட்டுது.

படிச்சா மச்சான். மிஷினெல்லாம் நின்னுபோச்சு. தைக்கறவங்க, இஸ்திரிக்காரங்க, எல்லாரும் வந்து செவுத்தோரம் நின்னுக்கிட்டாங்க. கரடி கத்தற எடத்துல அவ என்ற மாதிரியே கத்துனா, அதே இழுவை. ஊட்ல ஒரு நாளும் அப்படிக் குரலை ஒசத்தாத பொம்பளைங்க. மயிலுக்கு ஒரு குரலு, அணிலுக்கு ஒரு குரலு. இத்தனை குரலையும் இத்தனை வருசமா எங்க வெச்சிருந்தாளோ தெரியல. கோவமா நின்ன நான், ஒரு கட்டத்துல கரடி அடுத்து என்ன பண்ணுமோன்னு கேக்க ஆரம்பிச்சுட்டேன். மணி அடிக்கற எடம் வந்தப்ப புள்ளைங்க பூராவும் "டீ"ன்னு கத்துன கத்துல, ரோட்டுல போன டீக்காரர் கேனோட உள்ளயே வந்துட்டாரு. தொழிலாளிக சிரிச்ச சிரிப்பு இருக்குதே, சம்பளம் ஏத்துன அன்னிக்குக்கூட அப்படிச் சிரிச்சதில்ல. ஆடிட் பொண்ணு கண்ணைத் தொடச்சுக்கிட்டு ஒரு டீ வாங்கிக் குடிச்சுது. எனக்கும் ஒண்ணு நீட்டுனாங்க, குடிச்சேன். வேற என்ன பண்றது?

ஆர்டர் தப்பிச்சுதுங்க. குழந்தைத் தொழிலாளர் யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் அந்தப் பொண்ணு போச்சு. ஆனா டீ மணியை உடனே மாட்டி அடிக்கற மாதிரி வீடியோ அனுப்போணும், புள்ளைங்க வந்தா உக்கார மெஷின் இல்லாத தனி ரூமு வேணும், மேற்பார்வையாளர் கத்தக்கூடாதுன்னு அதுலயே சேத்து எழுதிப்போட்டுது. சட்டத்துல எல்லாம் உள்ளதுதானாமா. ஆனா இத்தனை ஆடிட்ல எவனும் கண்டுபிடிக்காததை, ஒரு கரடி காட்டிக் குடுத்துருச்சு. சுப்பு குழந்தைங்க கருத்துன்னு எழுதி அனுப்புனதுல கடைசி வரி என்ன தெரியுங்களா? 'முதலாளிக் கரடி பாவம், அதுக்கும் யாராச்சும் டீ குடுக்கணும்: யாழினி, இரண்டாம் வகுப்பு.' அதைப் படிச்சுட்டு ரெண்டு நாளு நான் யார் மேலயும் கத்தல.

இப்பத் தெருவுல போனா புள்ளைங்க "கரடி மாமா"ங்குதுக. காதர்பேட்டைல ஒரு கடைக்காரர், "ஊட்ல எம்.ஏ. எந்த மட்டுல இருக்குதுங்க?"ன்னு கேட்டுப்போட்டு வேற பக்கம் திரும்பிச் சிரிக்கறாரு. ஆகவே மச்சான், தாங்கள் மூத்தவர். வருகிற புதன்கிழமை நேரில் வந்து, தங்கள் தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கரடியைச் சிங்கமாக மாற்றவும், படிப்பை இத்தோடு நிறுத்திக்கொள்ளவும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மலைமேல் இருக்கும் நம் முருகன் தங்களையும் தறிகளையும் குறைவில்லாமல் வைக்கட்டும். மிச்ச நேரத்தில் அருள்புரம் பக்கமும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மரியாதைக்குரிய (இன்னும் அப்படித்தான் என்று நம்பும்) மாப்பிள்ளை,
தங்கவேலு.

பி.கு.: கூரியர்காரன் வர்றதுக்குள்ள ஒரு சேதி வந்துருச்சுங்க மச்சான். அசைன்மென்ட்டுக்கு நல்ல மார்க்காம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துல குழந்தைகள் தினத்துக்கு இந்தக் கதையை நாடகமாப் போடறாங்க. கரடி வேசத்துக்குப் பாண்டித்துரையைத்தான் கேட்டாங்க. ஒத்திகை பாத்தேன். அந்த மனுசனுக்குக் கரடி மாதிரி நடக்கவும் வரல, கத்தவும் வரல, பாத்துட்டு இருக்க முடியலைங்க. நானே கட்டிக்கறேன்னு சொல்லிட்டேன். அதனால புதன்கிழமை வராதீங்க, நாடகத்தன்னிக்கு அக்காவையும் கூட்டீட்டு வந்து முன்வரிசைல உக்காருங்க. சிங்கம் பத்தி சுப்புகிட்ட மூச்சு விட வேண்டாம், அடுத்த வருசப் படிப்புக்கும் பேர் குடுத்தாச்சு. பழுப்பு நெறத்துல நல்ல தடிச்ச துணியா எடுத்து வெச்சிருக்கறேன். கரடிக்கு வால் உண்டா, உண்டுன்னா எவ்வளவு நீளம்னு யாரையாச்சும் விசாரிச்சு உடனே போன் பண்ணுங்க, ஸ்பீக்கர்ல போட்டாலும் பரவால்ல. கட்டிங் டேபிள்ல துணியை விரிச்சு வெச்சுட்டு நிக்கறோம்.