மாமனாரின் வாயை மூட ஒரு ரேம்

மாமனார் வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றுவிட்டார். நேரில் ஒரு தடவையாவது இப்படி நடந்திருந்தால் எடிட்டர் மகிழ்ந்துபோயிருப்பார். நடந்ததோ கம்ப்யூட்டர் திரையில்.

திரையின் நடுவே சின்னதாக ஒரு கட்டம் எட்டிப் பார்த்து, மெமரி போதவில்லை என்றது. காலையிலிருந்து அதே பாட்டு.

மாமனாரின் பெயிண்ட் கடைக்கு இருபத்தைந்து வயது. அன்று மாலை மண்டபத்தில் விழா. அதில் போட்டுக் காட்ட ஒரு படம் வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்த எடிட்டர் மாப்பிள்ளையிடம் அவர் முன்னமே சொல்லியிருந்தார்:

"படம் நல்லா வந்துச்சுன்னா உங்க தொழிலைப் பத்தி நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா திங்கக்கிழமை கடைக்கு வந்து டப்பா எண்ணுங்க."

எடிட்டருக்குப் பெயிண்ட் வாசனை பட்டாலே தலை சுற்றும். அதை எண்ண வேறு வேண்டுமாம்.

போன் அடித்தது. நினைத்த ஆளேதான்.

"என்ன மாப்பிள்ளை, படம் முடிஞ்சுதா?"

"மெமரி பத்தல மாமா."

"இவ்வளவுதானா! கடையில பென் டிரைவ் சும்மாதான் கிடக்கு. நாலு குடுத்து அனுப்பவா?"

"அது வேற மாமா. அது பீரோ மாதிரி, எடுத்து உள்ள வைக்கிறதுக்கு. எனக்கு வேண்டியது ரேம். அது காய் நறுக்கற மேடை மாதிரி. வீடியோ, பாட்டு, எழுத்து எல்லாத்தையும் ஒரே நேரத்துல பரப்பி வெச்சு வேலை பாக்கணும். மேடை சின்னதா இருக்கு."

"நான் கடை ஆரம்பிச்சப்ப மேடையே கிடையாது. தரையில வெச்சு வித்தேன்" என்று சொல்லிவிட்டு மாமனார் போனை வைத்துவிட்டார்.

எடிட்டர் கம்ப்யூட்டரில் திறந்திருந்த மற்ற எல்லாவற்றையும் மூடினார். மாமனாரின் வாய் மூடவில்லை. படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தார். மாமனாரின் முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்து, வாய் மட்டும் அப்படியே நின்றது. பொறுமை இழந்து சிஸ்டத்தை அணைத்துப் போட்டார். சேமிக்க மறந்திருந்ததால் காலையில் செய்த வேலை முழுவதும் காற்றோடு போயிற்று.

போன மாதம் வரை கில்லி மாதிரி ஓடிய சிஸ்டம். இப்போது ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்று அவருக்குப் புரியவே இல்லை.

அடுத்த அறையில் மனைவியின் சிஸ்டம் இருந்தது. சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது அவள் வேலை. இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில், ஜோடியாக வாங்கியவை. அவளோ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

எடிட்டர் பூனை நடை நடந்து உள்ளே போய் அவள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றினார். சீப்புகள் போல இரண்டு ரேம்கள் நின்றன. தன் பெட்டியைத் திறந்தார். அதில் ஒன்றுதான் இருந்தது, பக்கத்து இடம் காலி.

"அடப்பாவி! உங்க பெட்டியில ரெண்டு போட்டிருக்கேன் சார்னு சத்தியம் பண்ணானே!" என்று விற்ற கடைக்காரனை வாய் வலிக்கத் திட்டினார்.

கூட்டல் கழித்தல் போடுகிறவளுக்கு இரண்டு, படம் செய்கிற கலைஞனுக்கு ஒன்றா? எடிட்டருக்கு நியாயமான கோபம் வந்தது. அவளுடையதில் ஒன்றைப் பிடுங்கினார். அதன் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி. பொருள் மேல் இவளுக்கு எவ்வளவு பாசம், பொட்டெல்லாம் வைத்திருக்கிறாளே என்று நினைத்தபோது மனசு கொஞ்சம் உறுத்தியது. இது திருட்டு இல்லை, இரவல்தான், சாயங்காலமே திருப்பி மாட்டிவிடலாம் என்று மனசைத் தட்டிக் கொடுத்தார்.

மாட்டியதும் சிஸ்டம் பறந்தது. போன வேலையை மறுபடி செய்து முடித்தார். மாமனார் மளமளவென்று பேசி, வாயை மூடி, கும்பிட்டு இறங்கினார். படத்தை முழுசாகச் சேர்த்து எடுக்கக் கட்டளை கொடுத்துவிட்டு எடிட்டர் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாசல் கதவு திறந்தது. சற்று நேரத்தில் அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, என் சிஸ்டம் தூங்கி வழியுது!"

"உள்ள தூசி அடைச்சிருக்கும்."

"அப்பா கடைக் கணக்கை இன்னைக்கே அனுப்பியாகணும். உங்க சிஸ்டத்துல கொஞ்ச நேரம் போட்டுக்கட்டுமா?"

எடிட்டர் இரண்டு கையையும் விரித்து மேசை மேல் கவிழ்ந்து படுத்தார். "தொடாதே! படம் வெந்துட்டிருக்கு. நடுவுல நிறுத்தினா எல்லாம் போச்சு."

"சரி, நான் தெருமுனைக் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கறேன்."

ரேமைத் திருப்பி வைக்கலாம் என்றால் சிஸ்டத்தை அணைக்க வேண்டும். அணைத்தால் படம் அம்பேல். எடிட்டர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"தம்பி, வர வேண்டாம். எல்லாம் சரியாயிடுச்சு."

"வாசல்லதான் நிக்கறேன் அண்ணே. ஏன் தண்ணி கொட்டற சத்தம் கேக்குது?"

மெக்கானிக் உள்ளே வந்தான். அவன் பின்னாலேயே, புதுச் சட்டை மொடமொடக்க, படத்தை வாங்கிப் போக மாமனாரும் வந்தார்.

மனைவியின் பெட்டியைத் திறந்த மெக்கானிக் நெற்றியைச் சுருக்கினான். "அக்கா, ஒரு ரேமைக் காணோமே."

"என் பொண்ணு வீட்டுல திருட்டா?" மாமனார் குதித்தார். "கூப்பிடு போலீஸை!"

"விடுங்கப்பா, போனா போகட்டும்" என்றாள் மனைவி அவசரமாக. "தம்பி, நீங்க பெட்டியை மூடிட்டு டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க."

எடிட்டர் அசந்துபோனார். ஒரு ஸ்பூன் காணாமல் போனாலே வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறவள் இவள். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அப்பா முன்னால் புருஷன் தலைகுனியக் கூடாது என்று மறைக்கிறாள். இப்படி ஒருத்தி கிடைக்க என்ன கொடுத்து வைத்தோமோ என்று அவருக்குக் கண் கலங்கியது.

"போகட்டுமா? அதெப்படிப் போகும்?" மாமனார் மாப்பிள்ளையை முறைத்தார். "அடுத்தவங்க பெட்டியைத் திறந்து சொல்லாம எடுத்தது யாரா வேணா இருக்கட்டும். என் சொந்த ரத்தமா இருந்தாலும் சரி, திங்கக்கிழமையிலேருந்து என் கடையில சம்பளமில்லாம டப்பா எண்ணணும்!"

"ஐயோ, வேண்டாம்பா!" என்று மனைவி பதறினாள்.

அந்தப் பதற்றத்தில் எடிட்டர் உருகியே போனார். இதற்கு மேலும் அவளைத் தவிக்க விடுவது ஆம்பளைக்கு அழகில்லை.

"நான்தான் மாமா எடுத்தேன்" என்றார்.

அதே நேரத்தில் அவர் அறையில் டிங் என்று மணி அடித்தது. படம் தயார். ஆனால் இனி அது எவ்வளவு நன்றாக இருந்தும் என்ன பயன்?

"சொன்னா சொன்னதுதான்" என்றார் மாமனார்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றாள். அவள் முகம் திடீரென்று தெளிந்திருந்தது.

எடிட்டர் படத்தை பென் டிரைவில் ஏற்றி மாமனார் கையில் கொடுத்தார். சிஸ்டத்தை அணைத்து, ரேமைக் கழற்றி, தலையைத் தொங்கப் போட்டபடி மெக்கானிக்கிடம் நீட்டினார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இதை மறுபடியும் அக்கா பெட்டியிலேயே மாட்டணுமா அண்ணே? போன மாசம் நீங்க ஊர்ல இல்லாதப்ப, அக்கா சொன்னாங்கன்னு உங்க பெட்டியிலேருந்து இதைக் கழட்டினதே நான்தானே, அடையாளத்துக்கு இந்தச் சிவப்புப் புள்ளியை அக்காவே வெச்சுக் குடுத்தாங்களே!"