ஹாத்தி வளர்த்த அத்தி

மனைவி கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் மண்ணில் நட்டு, வேலி கட்டி, தண்ணீர் ஊற்றி வளர்த்த மனிதர் இந்தப் பூமி உண்டான நாளிலிருந்து ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் நான் குடியிருந்தேன். செகந்தராபாத்தில் அவருக்குப் பெயர் ஹாத்தி.

ஹாத்தி என்றால் உருதுவில் யானை. ஆளைப் பார்த்தால் யானை மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி இருப்பார். ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கிற வேலை. அவர் சம்மட்டியைத் தூக்குகிறாரா, சம்மட்டி அவரைத் தூக்குகிறதா என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

அது நிஜாம் காலம். நான் டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கியவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. லாலாகுடாவில் தமிழ்த் தொழிலாளிகளுக்குச் சமைத்துப்போட்ட ஒரு மெஸ்ஸில் பாத்திரம் துலக்கும் வேலை கிடைத்தது. மிஞ்சிய சோறுதான் சம்பளம். சோறு மிஞ்சாத நாளில் சம்பளமும் கிடையாது. படுக்க இடமில்லாமல் நான் மெஸ் வாசலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்து, சாப்பிட வந்த ஹாத்தி, "எங்கூட வந்து படும்வே. ஒரு சாக்கு இருக்கு. ஒழுகாத மூலை எனக்கு, ஒழுகுற மூலை ஒமக்கு" என்றார். நியாயமான ஏற்பாடு. அன்றைக்கே போய்விட்டேன்.

அந்த அறை, பீபியம்மா வீட்டுப் பின்கட்டில் இருந்தது. பீபியம்மா கணவனை இழந்தவர், கோஷாப் பெண்மணி. எப்போதும் ஒரு சாக்குப் படுதாவுக்குப் பின்னால் இருந்துதான் பேசுவார். எங்களுக்கு வீட்டுக்காரி என்றால் ஒரு குரல், அவ்வளவுதான். ரயில்வேத் தமிழர்களுக்கே வீட்டை வாடகைக்கு விட்டு விட்டு அந்தக் குரலுக்கு ஒரு மாதிரித் தமிழும் வந்திருந்தது.

ஹாத்தி குடிவந்த முதல் நாள் படுதாவுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார்: "அம்மா, கொல்லையில ஒரு அத்தி வளத்துக்கிடலாமா?"

"ஹாத்தியா? நக்கோ பாபா, நக்கோ! ஆட்டுக்கே இங்கே இடமில்லே!"

"சின்னதுதாம்மா. ஒரு மூலையில நிக்கும்."

"இப்போ சின்னது. அப்புறம் பெரிசாகுமே!"

"ஆமா, பெரிசாவும். நல்லா நெழலு குடுக்கும்."

"தீனி? தீனி யார் போடறது?"

"தீனி எதுக்கும்மா? வெறும் தண்ணி போதும்."

நிழல் தருகிற, தண்ணீரிலேயே உயிர் வாழ்கிற யானையை அந்த அம்மாள் மனசுக்குள் நிறுத்திப் பார்த்திருப்பார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் வேலையில்லாத மாவுத்தன் ஒருவன் வந்து, அங்குசத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "ஜானவர் எங்கே?" என்று கேட்டான். கடைசியில் கேட்டது மரம் என்று விளங்கி, பீபியம்மா சம்மதித்தார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அத்தி எதற்கு? அதற்கு அவர் கதையைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூக்குக்கு மேல் கோபம். மேஸ்திரி முறைத்தால் வேலையை விட்டுவிடுவார். முறைக்காவிட்டால், மதிக்கவில்லை என்று விட்டுவிடுவார். தூத்துக்குடி, மதுரை, பெங்களூர் என்று ஒவ்வொரு ஊரிலும் "இதுதான் நமக்கு நிரந்தரம்" என்பார். மனைவி பானை சட்டியைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்பு மூட்டுவதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். செகந்தராபாத் என்று சொன்னபோது அந்த அம்மாள் கும்பிடு போட்டுவிட்டு, "நீங்க போங்க. அத்தி பூக்கும்லா, அன்னைக்கு நான் வாரேன்" என்றிருக்கிறார்.

அத்தி பூத்தாற்போல என்று நாம் எல்லோரும்தான் சொல்கிறோம். அத்திப் பூவைக் கண்டவர் யாருமில்லை. வரவே மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். ஹாத்திக்கு அது அர்த்தமாகப் படவில்லை, தேதியாகப் பட்டது.

"அண்ணாச்சி, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றேன்.

"அவ பேச்சுக்குச் சொல்ல மாட்டாவே. சொன்னா வந்துருவா. அத்தி பூக்க வேண்டியது நம்ம பொறுப்பு."

மனைவி வந்து சேர அந்த மரம் பூத்தாக வேண்டும். இடையில் இருந்த ஒரே தடங்கல், ஹாத்திக்கு அத்தி எது என்று தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அது இன்னும் மோசம். போகிற வழியில் இருக்கிற இலையை எல்லாம் கிள்ளுவார். "பால் வருதுல்லா? பால் வந்தா அத்திதான்." அந்தக் கணக்குப்படி எருமையும் அத்திதான்.

முதலில் பட்டறைச் சுவரில் முளைத்த ஒரு கன்றைப் பெயர்த்து வந்து தகர டின்னில் வைத்தார். அது வளர வளர இலை நுனியில் வால் முளைத்தது. அரசு. அக்கம்பக்கத்துப் பெண்கள் குங்குமம் வைத்துச் சுற்றிவர ஆரம்பித்துவிட்டார்கள். பிடுங்கினால் பாவம், வைத்திருந்தால் கூட்டம். டின்னோடு சுமந்துபோய் ரயில்வே கேட்டுப் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அடுத்தது மூசி ஆற்றங்கரையில் கிடைத்தது. இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. எங்கள் ஊரில் அந்த இலையைப் போட்டு மரச்சாமானைத் தேய்ப்பார்கள் என்பதால் எனக்கு அடையாளம் தெரிந்தது. "அண்ணாச்சி, இது பேயத்தி" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பேயத்தி பூத்தா பேய்தான் வரும். வேண்டாம்." அந்தச் செடியின் இலைகளை வைத்து மெஸ் அண்டாவை நான் கண்ணாடியாகத் துலக்கினேன்.

மூன்றாவதாக, ஒரு நவாபு மாளிகைத் தோட்டக்காரன் கொடுத்த கிளை. விரித்த கை மாதிரி இலை. அவன் அஞ்சீர் என்றான். நம்முடைய சீமை அத்தி. மண் பிடித்து, மளமளவென்று வளர்ந்து, கொத்துக் கொத்தாய்ப் பழம் விட்டது. படுதாவுக்கு அடியில் தட்டு வைத்தால், காலித் தட்டும் 'துஆ' என்று ஒரு வாழ்த்தும் திரும்பி வரும். ஹாத்தி ஒரு பழத்தையும் வாயில் வைக்கவில்லை.

"இதுவும் அத்திதானே அண்ணாச்சி? ஊருக்குச் சொல்லி அனுப்பலாமே?"

"சீமை அத்தி பூத்தா எவளாவது துரைசானிதான் வருவா. எம் பொண்டாட்டி சொன்னது நம்மூரு அத்தி."

கடைசியில் உப்பல் பக்கம் ஒரு கிணற்றடியில் அசல் அகப்பட்டது. தெலுங்குக்காரர்கள் மேடி என்றார்கள். ஹாத்தி ஓர் இலையைப் பறித்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டார். "வழுவழுன்னு இருக்குவே. இது நம்மூருதான்." மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கிளையை வெட்டித் தோளில் வைத்துச் செகந்தராபாத் வரைக்கும் நடந்தே வந்தார். பீபியம்மாவின் கிணற்றோரம் நட்டார்.

அத்தி அவசரப்படுகிற மரமில்லை. நடுவில் நான் பம்பாய் போய்ப் பட்டினி கிடந்து, காய்ச்சலில் விழுந்து, எழுந்து, திரும்பி வந்தேன். ஒழுகுற மூலை எனக்காகக் காலியாகவே இருந்தது. மரம் கூரையைத் தாண்டியிருந்தது. பட்டறையில் மேஸ்திரி அவரை வாயில் வந்தபடி திட்டுவதையும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மட்டி அடிப்பதையும் கேள்விப்பட்டேன்.

"என்ன அண்ணாச்சி, வேலையை விடலையா?"

"விட்டுட்டுப் போனா மரத்துக்கு எவன் தண்ணி ஊத்துவான்?"

அந்த மரத்துக்கு ஆபத்து கிணற்று வழியாக வந்தது. வேர் உள்ளே இறங்கி, கிணற்றுச் சுவரின் செங்கல்லைத் தள்ளிவிட்டது. பீபியம்மா விறகுவெட்டியை வரவழைத்துவிட்டார். ஹாத்தி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டார். மரம் அவரைவிட அகலம். அந்தப் பக்கம் நின்ற விறகுவெட்டிக்கு ஆள் இருப்பதே தெரியவில்லை, இரண்டு கை மட்டும் தெரிந்தது.

"எதுக்கு இந்த ரகளை? ஒரு மரத்துக்கு?" என்றது படுதா.

ஹாத்தி மரத்தை விடாமலே எல்லாவற்றையும் சொன்னார். மனைவி, பானை சட்டி, அத்தி பூக்கும் நாள், எல்லாம். சொல்லி முடித்ததும் படுதா குலுங்கியது. சிரிப்பு.

"கூலர் கா பூல்! அத்திப் பூ! எங்க பாஷையிலேயும் அப்படித்தான் சொல்றது, பாபா. எங்க மியான் இருந்தாரே, அவரும் வீட்டுக்குக் கூலர் பூ மாதிரிதான் வருவார்." சிரிப்பு நின்று, குரல் கனைத்துக்கொண்டது. "சரி. இப்போ வெட்ட வேணாம். பூக்கட்டும். பூத்த அன்னிக்கு வெட்டு."

விறகுவெட்டி கோடாலியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த கோடையில் அடிமரத்தைச் சுற்றிக் கொத்தாகக் காய் பிடித்தது. ஹாத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பூக்காமலே காய்ச்சிட்டுவே, பாவி மரம்! நான் பட்டறைக்குப் போயிருந்த நேரத்துல பூத்துத் தொலைச்சிருக்கும்!" ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் கிளி ஒன்று பாதி கடித்துப்போட்ட காய் அவர் முன்னால் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். உள்ளே பொடிப்பொடியாக, நெருக்கமாக, குஞ்சம் குஞ்சமாக என்னவோ இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

"வே," என்றார். "பூ உள்ளார இருக்குவே."

அவர் எழுந்து ஆடப்போகிறார் என்று நினைத்தேன். முகம்தான் வெளுத்தது. பூத்தது என்று சொன்னால் மனைவி வருவாள், மரம் போய்விடும். பூக்கவில்லை என்றால் மரம் நிற்கும், மனைவி வரமாட்டாள். பூத்த அன்னிக்கு வெட்டு என்ற வாக்கை அவர் மரத்தைக் கட்டிக்கொண்டு வாங்கியவர். பொய்யும் சொல்லத் தெரியாது.

ஊருக்கு லீவில் போன ஒரு பயர்மேனைத் தனியாக இழுத்துப்போய், "அத்தி பூத்துட்டுன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லு. ஆனா அவளை மெதுவாப் பேசச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த அம்மாள் வந்தே விட்டார். தலையில் ஒரு தகரப் பெட்டி, கையில் பானை. கொல்லைக்குள் நுழைந்ததும் மரத்தை மேலிருந்து கீழே பார்த்தார்.

"எங்க பூ?"

"மெள்ளப் பேசு ளா!" ஹாத்தி அவரை அறைக்குள் இழுத்துப்போய், மடியிலிருந்த காயைப் பிட்டுக் காட்டி, பூத்தது தெரிந்தால் மரத்தை வெட்டிவிடுவார்கள் என்று காதோடு சொன்னார். என்னைப் பார்த்துத் தலையாட்டச் சொன்னார். நானும் ஆட்டினேன்.

அந்த அம்மாள் காயைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய அவருடைய பட்டறைச் சட்டையைப் பார்த்தார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்ந்த வாளியைப் பார்த்தார். "இது காய்க்கிற வரைக்கும் இந்த ஒரே ஊர்லயா இருந்திய?"

"ஆமா."

"ஒரே வேலையில?"

"ஆமா ளா."

"அப்ப நெசமாவே அத்தி பூத்துட்டு" என்று சொல்லிப் பெட்டியை இறக்கி வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் படுதா பேசியது. "யார் வந்திருக்காங்க? பூ வந்துடுச்சா?"

ஹாத்தி பிட்ட காயைச் சட்டென்று மடியில் ஒளித்துக்கொண்டார். அந்த அம்மாள் வாசலுக்குப் போய், முகம் தெரியாத அந்தப் படுதாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "இல்லம்மா. இன்னும் பூக்கல. நான் சும்மா அவியளப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

"ஹவ், ஆமாமா," என்றது படுதா, சிரிப்பை அடக்கமாட்டாமல். "கூலர் பூ பர்தாவுக்குள்ளே இருக்கிற பூ, மகளே. அதை யார் பார்க்கறது? இரு, இருந்து பூத்ததும் போ."

நான் அன்றைக்கே என் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். ஹாத்தி தன் படுக்கையை ஒழுகுற மூலைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

பிறகு எத்தனையோ ஊர் சுற்றினேன். செகந்தராபாத் வழியாகப் போகிறபோதெல்லாம் அந்தக் கொல்லைச் சுவருக்கு வெளியே நின்று, "அண்ணாச்சி, அத்தி பூத்துச்சா?" என்று குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து ஆண் குரல் ஒன்றும் பெண் குரல் இரண்டும் ஒரே நேரத்தில் "இன்னும் இல்லே!" என்று கத்தும். எனக்கென்று எந்த ஊரிலும் நான் ஒரு செடிகூட வைத்ததில்லை. ஆனாலும் வழியில் அத்தி கண்டால் நின்று, ஓர் இலையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறேன். வழுவழுவென்றுதான் இருக்கிறது.